அட்டையில் ஒரு முகவரி, வாக்கு இன்னொரு முகவரியில்: பினாங்கு, கோலாலம்பூர் வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு காலத்தில் தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை ஏறும் கூட்டத்தின் ஓரத்தில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். மோர் குடிக்க வந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்து அடையாள அட்டையைக் கேட்போம். இப்போது அந்த மேசைக்கு வேலை இல்லை. கேள்விகள் மட்டும் நின்றபாடில்லை. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

என் மகனுக்கு 18 வயது ஆகிவிட்டது. வாக்காளராக எங்கே போய்ப் பதிய வேண்டும்?

எங்கும் போக வேண்டாம். மலேசியக் குடிமகன் 18 வயதை எட்டியதும் தேசியப் பதிவிலாகாவின் தகவலை வைத்துத் தேர்தல் ஆணையமான எஸ்பிஆர் அவனைத் தானாகவே பட்டியலில் சேர்த்துவிடும். 2019 ஜூலையில் நாடாளுமன்ற மக்களவையில் 211 பேர் ஆதரிக்க, ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் இது. 2021 டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வயது வரம்பு 21. அதோடு தபால் நிலையத்துக்கோ ஆணைய அலுவலகத்துக்கோ எங்களுடையது போன்ற மேசைக்கோ போய்ப் படிவம் நிரப்பினால்தான் பெயர் ஏறும். 2018 பொதுத் தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், பிறந்த நாள் கேக் வெட்டிய மறுநாளே தேர்தல் வந்தால் அவனால் வாக்களிக்க முடியாது. புதிய பெயர்கள் துணைப் பட்டியலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டு, அதன் பிறகே உறுதிசெய்யப்படும். தேர்தல் அறிவிக்கப்படும் வேளையில் உறுதியாகியிருக்கும் பட்டியல் எதுவோ, அதுதான் செல்லும்.

மைஎஸ்பிஆர் செமாக் என்ற இணையத் தளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தொகுதி, வாக்களிப்பு வட்டாரம் எல்லாம் தெரியும். ஒரு நிமிட வேலை. மகனுடையதைப் பார்க்கும்போது உங்களுடையதையும் பார்த்துவிடுங்கள்.

வீடு மாறிவிட்டோம். அடையாள அட்டையில் முகவரியையும் மாற்றியாயிற்று. வாக்கு தானாகப் புதிய இடத்துக்கு வந்துவிடும் அல்லவா?

வராது. ஆகப் பெரிய குழப்பம் இதில்தான். நான் சந்திக்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதில் தவறுகிறார்கள். அந்த ஏழெட்டில் நானும் ஒருவனாக இருந்தேன்.

முதன்முறை பெயர் சேர்வதுதான் தானாக நடக்கிறது. அப்போது அடையாள அட்டையில் இருந்த முகவரிப்படி தொகுதி அமையும். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் வீடு மாறினால் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் தேசியப் பதிவிலாகாவில் அட்டையின் முகவரியை மாற்ற வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மைஎஸ்பிஆர் டஃப்தார் என்ற தளத்தில் செய்யலாம். மாநிலத் தேர்தல் அலுவலக முகப்பிலும் செய்யலாம். முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்தால், உங்கள் அட்டை புதிய வீட்டிலும் உங்கள் வாக்கு பழைய வீட்டிலும் குடித்தனம் நடத்தும்.

நான் பெருநிலத்தில் உள்ள பிறையிலிருந்து பினாங்குத் தீவுக்குக் குடிபெயர்ந்தபோது முதல் வேலையோடு நின்றுவிட்டேன். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவன்தான்! 2022 நவம்பர் 19, சனிக்கிழமை காலை, வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளியில் எல்லோரும் வரிசையில் நிற்க, நான் மட்டும் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்தேன். மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

இதைச் செய்வதற்கு நல்ல நேரம், தேர்தல் பேச்சே இல்லாத நேரம். நாடாளுமன்றம் கலைந்த செய்தி வந்த பிறகு ஓடினால் பயனில்லை.

நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். அட்டையில் பினாங்கு பட்டர்வொர்த் முகவரி. மாற்றினால் நல்லதா, விட்டால் நல்லதா?

சட்டம் கேட்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தை. எங்கே வாக்கு எடுபடும் என்ற கணக்கை அது கேட்பதில்லை. செந்தூலில் நிரந்தரமாகக் குடியேறி, பிள்ளைகளும் அங்கே பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் முகவரியை மாற்றுவதுதான் முறை. மூன்று மாத வேலைக்குப் போய் வாடகை அறையில் இருப்பவர் கதை வேறு.

மாற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பினாங்கு வாக்காளருக்கு இரண்டு வாக்கு உண்டு. 13 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில் ஒன்று, 40 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றில் இன்னொன்று. கோலாலம்பூர் வாக்காளருக்கு ஒன்றே ஒன்று. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து, மத்திய அரசு நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசமானது. அன்றோடு அங்குள்ளவர்களுக்குச் சட்டமன்றம் இல்லாமல் போனது. கெப்போங் முதல் பண்டார் துன் ரசாக் வரை 11 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. அதற்குக் கீழே மக்கள் தேர்ந்தெடுக்கும் எந்த மன்றமும் இல்லை. நாட்டின் தலைநகரில் வாழ்பவருக்குத்தான் நாட்டிலேயே ஆகக் குறைந்த வாக்குரிமை என்பது எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

இன்னொன்று: பினாங்கில் முன்பெல்லாம் இரண்டு வாக்கும் ஒரே நாளில் விழும். கடந்த முறை அப்படி நடக்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு 2022 நவம்பரிலும், சட்டமன்றத்துக்கு 2023 ஆகஸ்ட் 12 அன்றும் தனித்தனியாக வாக்களித்தோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் இரண்டு முறை பஸ் டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

மாநகர் மன்றத் தேர்தல் எப்போது? எங்கள் குடியிருப்புத் தாமானில் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது. இந்த மன்ற உறுப்பினரை மாற்றியே ஆக வேண்டும்.

கோபம் நியாயமானது. ஆனால் அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆகவே வாக்குப் போட்டு மாற்றவும் முடியாது. இந்த நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல், அதாவது மாநகர், நகர மன்றங்களுக்கான தேர்தல், நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நம் பாட்டனார்கள் வாக்களித்தார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஜோர்ஜ்டவுனில் 1857லேயே நகராட்சிக் குழுவுக்குத் தேர்தல் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 1913இல் அதை நிறுத்தினார்கள். பிறகு 1951 டிசம்பர் 1 அன்று, நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், ஜோர்ஜ்டவுன் நகராட்சியின் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் 12 இடங்களுக்கு வாக்களித்தது. அந்தத் தேர்தலில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் சேர்ந்து நின்று 9 இடங்களைப் பிடித்தன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணி, குப்பைக்கும் சாக்கடைக்கும் நடந்த ஒரு நகராட்சித் தேர்தலில்தான் பிறந்தது.

1957 ஜனவரி 1 அன்று ஜோர்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். தீவில் ஜாலான் டி.எஸ். இராமநாதன் என்ற சாலை இருக்கிறது. முன்பு அது ஸ்காட் ரோடு. அந்த வழியாகத் தினமும் போகிறவர்களிடம் யார் இவர் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவர் சொன்னால் அதிகம்.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சி மன்றத் தேர்தல்களை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. மோதல் ஓய்ந்ததும் மீண்டும் நடக்கும் என்றார்கள். மோதல் 1966இல் ஓய்ந்தது. தேர்தல் வரவில்லை. இடையில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும் என்று அந்த ஆணையம் 1968இல் பரிந்துரைத்தது. அறிக்கை 1971 வரை வெளியிடப்படவில்லை, வெளிவந்த பிறகும் பரிந்துரை ஏற்கப்படவில்லை. கடைசியில் 1976 ஊராட்சி மன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டது. கோலாலம்பூரில் ஆதி நாகப்பன் பெயரிலும் ஒரு சாலை இருக்கிறது, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம். தேர்தல் காலத்து மேயராக இருந்த தமிழருக்கும், தேர்தல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தமிழருக்கும் சாலைப் பலகை கிடைத்திருக்கிறது.

பினாங்கு மாநில அரசு 2012இல் தனியாக ஒரு சட்டம் இயற்றித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. ஆகவே இது இனி நாடாளுமன்றத்தின் கையில்.

அப்படியானால் மன்ற உறுப்பினரை நியமிப்பது யார்? எங்கள் சாக்கடைக்கு யாரிடம் போவது?

பினாங்கில் மாநில அரசு நியமிக்கிறது. பினாங்குத் தீவு மாநகர் மன்றம், செபராங் பிறை மாநகர் மன்றம் இரண்டுக்கும் மேயரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். ஒரு தவணை மூன்றாண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. மறுநியமனம் உண்டு. நடைமுறையில் ஆளும் கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே உங்கள் சட்டமன்ற வாக்குதான் சுற்றி வளைத்து மன்ற உறுப்பினரையும் தீர்மானிக்கிறது. வீடு வீடாக வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், "ஐயா, எங்கள் வட்டாரத்துக்கு மன்ற உறுப்பினராக யாரைப் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.

சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. ஒருமுறை போய் உட்கார்ந்தேன். பார்வையாளர் இருக்கைகளில் நானும் என்னோடு வந்த நண்பரும்தான். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, கண்டுகொள்ளவும் இல்லை. ஆனால் எந்த உறுப்பினர் வாய் திறக்கிறார், யார் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது.

சாக்கடைக்கு முதலில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். படம், நாள், தெருப் பெயர், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் ஆகியவற்றோடு கொடுத்துப் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். எண் கையில் இல்லாவிட்டால் இரண்டாவது முறை போகும்போது புதிதாகக் கதை சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் அசையவில்லையென்றால் அந்த எண்ணோடு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். ஒருவர் போவதைவிட வரிசையில் உள்ள பத்து வீட்டாரும் கையெழுத்திட்டுப் போவது மேல். மதிப்பீட்டு வரி கட்டிய ரசீதும் கையில் இருக்கட்டும். கேட்கமாட்டார்கள், ஆனாலும் கையில் இருந்தால் பேச்சுக்குத் தைரியம் வரும்.

கோலாலம்பூரில் மன்ற உறுப்பினர் என்று யாருமே இல்லை. மாமன்னரால் நியமிக்கப்படும் மேயரான டத்தோ பண்டாரும் அவருக்கு ஆலோசனை கூறும் வாரியமும் மட்டுமே. அங்கே இருப்பவர்கள் மாநகராட்சியிடம் நேரடியாகவும், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவும் போக வேண்டியதுதான்.

வாக்களிப்பு நாளன்று எதை எடுத்துப் போக வேண்டும்?

அடையாள அட்டை. தொலைந்திருந்தால் தேசியப் பதிவிலாகா கொடுத்த தற்காலிகச் சான்று. வேறொன்றும் வேண்டாம். கட்சிச் சின்னம் பொறித்த சட்டை, தொப்பி எதுவும் ஆகாது. கைப்பேசியை வாக்களிக்கும் மறைவிடத்தில் வெளியே எடுக்காதீர்கள்.

பள்ளிக்குள் நுழைந்ததும் உங்கள் சாலுரான், அதாவது வாக்களிக்கும் அறை வரிசை, எது என்று பாருங்கள். இது வயதுப்படி பிரிக்கப்படுகிறது. மூத்தவர்கள் ஒன்றாம் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். கணவன், மனைவி, மகள் மூவரும் ஒரே வரிசையில் நிற்க முடியாது என்பதற்கு அதிகாரியோடு சண்டை போட வேண்டாம். இளையவர்களின் வரிசைதான் பெரும்பாலும் நீளம். மகளைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

உள்ளே ஓர் ஊழியர் உங்கள் பெயரை உரக்கப் படிப்பார், அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் அழியாத மை வைப்பார், மூன்றாமவர் வாக்குச் சீட்டைத் தருவார். சீட்டை வாங்கியதும் இரு பக்கமும் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது கோடோ கறையோ இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். விருப்பமான சின்னத்துக்கு நேரே கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. பெயர், கையெழுத்து, "வாழ்க" எதுவும் எழுதக் கூடாது. தெரியாமல் கிறுக்கிவிட்டால் பெட்டியில் போடுவதற்கு முன் அதிகாரியிடம் சொல்லுங்கள், மாற்றுச் சீட்டு கிடைக்கும்.

முதலாளி விடுப்புக் கொடுக்கமாட்டேன் என்கிறார்.

1954 தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு: வாக்களித்துவிட்டு வர நியாயமான நேரம் தர வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. மீறினால் தண்டனை முதலாளிக்கு. பாயான் லெப்பாஸ், பிறைத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை செய்பவர்கள் ஒரு வாரம் முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லி வைப்பது நல்லது. அன்று காலை போய் நின்று சட்டம் பேசினால் காரியம் நடக்காது.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, எழுத்தும் வாசிக்க மாட்டார். கூடப் போகலாமா?

பார்வைக் குறைவு, உடல் இயலாமை இருந்தால் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். முதியவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் வரிசையில் முன்னே விடுவார்கள்.

எழுத்து தெரியாதது பெரிய தடை இல்லை, சீட்டில் சின்னம் இருக்கிறது. ஆனால் எந்தச் சின்னம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2018இல் தீபகற்பத்தில் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) வேட்பாளர்கள் தங்கள் ராக்கெட்டை விட்டு, தோழமைக் கட்சியான பிகேஆரின் சின்னத்தில் நின்றார்கள். 2022இல் அதுவும் மாறிக் கூட்டணிச் சின்னம் வந்தது. என் அத்தை 2018இல் மறைவிடத்துக்குள் நின்று, "தம்பி, ராக்கெட் எங்கேப்பா?" என்று உரக்கக் கேட்டார். பள்ளிக்கூடமே சிரித்தது. வாக்கின் இரகசியம் அன்று அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் வேலை. அங்கிருந்தே தபாலில் வாக்களிக்கலாமா?

2022 பொதுத் தேர்தலின் விதிப்படி முடியாது. வெளிநாட்டில் வாழும் மலேசியர்களுக்குத் தபால் வாக்கு உண்டு. ஆனால் சிங்கப்பூர், புரூணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் ஊருக்கு வந்துதான் வாக்களிக்க வேண்டியிருந்தது. லண்டனில் இருப்பவருக்குத் தபால் பை, பட்டர்வொர்த்திலிருந்து போய் சிங்கப்பூரில் உழைப்பவருக்கு இரவு பஸ். விதி மாறியிருக்கிறதா என்று அடுத்த தேர்தலுக்கு முன் ஆணையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இருந்தாலும் விடுப்பை எழுதிப் போட்டு வையுங்கள்.

தாத்தா இங்கே தோட்டத்தில் பிறந்தவர், ஆனால் சிவப்பு அடையாள அட்டை. வாக்களிக்க முடியுமா?

முடியாது. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது. வாக்கு குடிமக்களுக்கு மட்டும். பிறப்புப் பத்திரம் எடுக்காத தோட்டக் குடும்பங்களில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் குடியுரிமை விண்ணப்பம், அதன் பிறகுதான் வாக்கு. பழைய தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவு, உடன்பிறந்தவர்களின் நீல அட்டை என்று கிடைப்பதையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

வாக்களிக்காவிட்டால் அபராதம் உண்டா?

இல்லை.

நானே தேர்தலில் நிற்கலாமா?

18 வயதான குடிமகன் நிற்கலாம். சட்டமன்றத்துக்கு அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். வைப்புத்தொகை நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி. பிரசாரப் பதாகைகளுக்குத் தனி வைப்புத்தொகை உண்டு. செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் முதலில் சொன்ன வைப்புத்தொகை போய்விடும். செலவுக்கு உச்சவரம்பு நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளி, சட்டமன்றத் தொகுதிக்கு 1 லட்சம் வெள்ளி. வீட்டில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எங்கள் வீட்டு முகவரியில் யாரோ முன்பின் தெரியாத இருவர் வாக்காளராக இருக்கிறார்கள். என்ன செய்வது?

முன்பு அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களாக இருக்கலாம். மேலே சொன்ன அந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் போனவர்கள். பாதிச் சந்தேகங்கள் இப்படித்தான் முடிகின்றன. பழைய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே ஐயம் இருந்தால் தாமதிக்காதீர்கள். துணைப் பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில், அதே தொகுதியில் பதிந்த வாக்காளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குக் கட்டணமும் விசாரணையும் உண்டு. பட்டியல் உறுதிசெய்யப்பட்டு அரசிதழில் வெளியான பிறகு, 1958 தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி அதை நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது. நடப்பு நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19 அன்று முதன்முதலாகக் கூடியது. அதன் ஐந்தாண்டுத் தவணை 2027 டிசம்பரோடு முடிகிறது, அதற்கு முன் எந்த நாளும் கலைக்கப்படலாம். ஆகவே இந்த வாரமே உங்கள் அட்டை எண்ணைத் தட்டிப் பாருங்கள். அப்படியே நீங்கள் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டின் முகவரியில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இப்போது குடியிருப்பவர் உங்களைப் பற்றி இதே கேள்வியை யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.